இசைவாணர் தேய்த்த ஆடி

சென்ற ஆண்டு எங்கள் துறை மாணவர் நால்வர் சேர்ந்து தொலைநோக்கி ஒன்று அமைக்க விரும்பினோம். அதற்கு ஆறு அங்குலக் குழியாடி வேண்டும். அதனைத் தேர்ந்த வல்லுநரிடம் சொல்லிச் செய்விப்பதா, நாமே தேய்த்துக்கொள்வதா என்ற கேள்வி எழுந்தது. விலை கொடுத்துச் செய்விப்பதே அறிவுடைமை என்று வாதிட்டவன் நான். அதற்கு உள்காரணம் ஒன்றும் உண்டு. என் தந்தையார் கோவையில் கடைசல் பட்டறைத் தொழிலாளி. மகன் கையில் எண்ணெய்க் கறை படக்கூடாது என்றே என்னை இவ்வளவு தொலைவு அனுப்பிப் படிக்க வைத்தவர். ஆனால் அவ்வாதத்தில் நான் தோற்றேன். என்னைத் தோற்கடித்தது வில்லியம் ஹெர்ஷல் என்னும் பெரியாரின் வாழ்க்கை. அதனை மன்றத்து அன்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஹெர்ஷல் 1738 ஆம் ஆண்டு நவம்பர் 15 ஆம் நாள் ஜெர்மானிய நாட்டு ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தையார் படையின் வாத்தியக் குழுவில் ஓபோ என்னும் குழற்கருவி வாசித்தவர். மகனும் இளமையிலேயே அக்குழுவில் சேர்ந்தார். 1757 இல் பிழைப்புத் தேடி இங்கிலாந்து சென்றார். இசைச் சுவடிகளைப் படியெடுத்தும், பாடம் சொல்லிக் கொடுத்தும் வயிறு வளர்த்தார். பின்னர்ப் பாத் நகரத்து ஆக்டகன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பதவி கிடைத்தது. இருபத்து நான்கு சிம்பொனிகள் இயற்றினார். 1772 இல் தங்கை கரோலினையும் தம்மிடம் அழைத்துக்கொண்டார்.

இசையின் கணக்கை அறிய ராபர்ட் ஸ்மித் என்பார் எழுதிய நூலைக் கற்றவர், அவ்வழியே அதே ஆசிரியரின் ஒளிநூலுக்கு வந்தார். ஏட்டில் படித்த வானத்தைக் கண்ணால் காண வேண்டும் என்ற வேட்கை பிறந்தது. 1773 இல் சிறு தொலைநோக்கி ஒன்றை வாடகைக்கு எடுத்தார், அது போதவில்லை. ஐந்தாறு அடி நீளமுள்ள தொலைநோக்கிக்கு ஆடி என்ன விலை என்று லண்டனுக்கு எழுதிக் கேட்டார். அவ்வளவு பெரிய ஆடி ஆயத்தமாக இல்லை. தனியே செய்து தர ஒருவர் முன்வந்தார். ஆனால் அவர் கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை. அன்று அவ்விலை கட்டுப்படியாகியிருந்தால் ஹெர்ஷல் நல்ல ஆடி ஒன்றுக்கு உரியவராகி, அத்துடன் நின்றிருக்கவும் கூடும்.

பாத் நகரிலேயே ஆடி தேய்க்கும் பழக்கமுடைய ஒருவர் தம் கருவிகளை விற்பதறிந்து அவற்றை வாங்கினார். வீடே பட்டறையாயிற்று. கூடத்தில் தச்சர் குழாய் செய்தார். படுக்கையறையில் தம்பி அலெக்சாண்டர் கடைசல் எந்திரம் நிறுவினார். அக்காலத்து ஆடி கண்ணாடியன்று. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். அதனை வார்த்து, அரைத்து, கீல் தடவிய பரப்பில் தேய்த்து மெருகேற்ற வேண்டும். மெருகின் முடிவில் கையை எடுத்தால் உருவம் கெடும். ஒருமுறை பதினாறு மணி நேரம் அவர் கையெடுக்கவில்லை. கரோலின் உணவைச் சிறிது சிறிதாக வாயில் ஊட்டினார். களைப்புத் தெரியாதிருக்கக் கதைகள் படித்தார். கச்சேரி முடிந்ததும் உடை மாற்றப் பொறுமையின்றி வேலையில் இறங்குவதால் அவரது நல்லாடைகள் கீல் பட்டுக் கெட்டன.

1781 மார்ச் 13 ஆம் நாள் இரவு, தாமே செய்த ஏழடித் தொலைநோக்கியில் ஒரு புள்ளியைக் கண்டார். அதன் ஆடி 6.2 அங்குலம். விண்மீனை எவ்வளவு பெருக்கினாலும் புள்ளியாகவே நிற்கும். இதுவோ பெருக்கப் பெருக்க வட்டமாய் விரிந்தது. வால்மீன் என்றே முதலில் கருதினார். அதுவே யுரேனஸ் என்னும் கோள். 1690 இலேயே பிளாம்ஸ்டீட் என்னும் வானநூலார் அதனைக் கண்டும் விண்மீன் என்றே குறித்துவிட்டார். ஹெர்ஷல் தம் ஆடியின் குணங்குற்றம் அறிந்தவராதலால், அவ்வட்டம் ஆடியின் பிழையன்று என்று துணிந்தார். அடுத்த ஆண்டு கிரீனிச்சில் அரசாங்க வானநூலாரின் கருவிகளோடு ஒப்பிட்டபோது இவரது கருவியே சிறந்தது எனத் தெரிந்தது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுன் வழங்கினார். இசைத் தொழிலை விட்டு வானநூலே தொழிலாயிற்று.

கைத்தொழில் எப்போதும் வெற்றியே தந்தது என்றும் சொல்லலாகாது. 1781 ஆகஸ்டில் மூன்றடி அகல ஆடி வார்க்க முயன்றார். முதல் வார்ப்பு ஆறும்போது வெடித்தது. இரண்டாம் முறை உலை ஒழுகி, உருகிய உலோகம் பரவி, தரைக்கற்கள் வெடித்துக் கூரை வரை பறந்தன. அண்ணனும் தம்பியும் ஆட்களும் உயிர் தப்பி ஓடினர். பிறகு மன்னர் அளித்த 4000 பவுனில் நாற்பதடித் தொலைநோக்கி எழுந்தது. அதன் நான்கடி ஆடி தனியொருவர் கைக்கு அடங்குவதன்று. லண்டன் வார்ப்படக்காரரிடம் வார்த்த முதல் ஆடி நினைத்ததைவிட மெல்லிதாக அமைந்தது. மெருகேற்ற ஆட்கள் பலர் கூடினர். பின்னர்ப் பொறியும் அமைத்தார். 1789 இல் சனியின் துணைக்கோளை அது காட்டியதெனினும், ஆடி விரைவில் மங்கியது. கருவியைத் திருப்புவதே பெருவேலை. அவர் பெரிதும் நம்பியது இருபதடிக் கருவியையே. வானத்தைத் துழாவி 2500 ஒண்முகிற் கூட்டங்களை அவர் அட்டவணைப்படுத்தியது அக்கருவியாலேதான்.

1822 ஆகஸ்ட் 25 ஆம் நாள் காலமானார். யுரேனஸ் கதிரவனை ஒருமுறை சுற்ற 84 ஆண்டுகள் ஆகும். அவர் வாழ்நாளும் அதற்குச் சற்றே குறைவு.

இதைப் படித்தபின் நாங்களே ஆடி தேய்க்கத் துணிந்தோம். அரைக்கும் முறை பற்றி ஐயம் எழவே தந்தையாரிடம் தொலைபேசியில் கேட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுபவர், அன்று ஒரு மணி நேரம் பேசினார். கையழுத்தம் எங்கே கூட வேண்டும், எங்கே தளர வேண்டும் என்று விளக்கினார். மூன்று மாதத்தில் ஆடி முடிந்தது. விளிம்பு சற்றுச் சரிந்துவிட்டது; அது எந்த வாரத்தில், யார் அவசரத்தால் நேர்ந்தது என்று எங்களுக்குத் தெரியும். அலுமினியப் பூச்சு மட்டும் எங்களால் இயலாதது. அதனை வல்லுநரிடமே கொடுத்தோம்.

முடிவது எது, முடியாதது எது என்பதைக் கூடச் செய்து பார்த்தவனே அறிவான். என் விரல் நகங்களில் அரைமண் இன்னும் முழுதும் போகவில்லை. பொங்கலுக்கு ஊர் செல்லும்போது அவற்றைத் தந்தையாரிடம் மறைக்கப் போவதில்லை.