கேம்ஷாஃப்ட் இல்லாத இன்ஜினில் பவரைக் கூட்டிய புகைக்குழாய்: யார் இந்த வால்டர் காடென்?

ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ-ஸ்ட்ரோக் பைக்குல சைலன்சரை மாத்தினா சத்தம் மட்டுமில்ல, பவரும் மாறும். ஏன் தெரியுமா? பதில், கிழக்கு ஜெர்மனி இன்ஜினியர் வால்டர் காடெனின் வாழ்க்கையில் இருக்கிறது.

1919-ல் சாக்சனியில் பிறந்தவர் காடென். 1953-ல் எம்இசட் பைக் நிறுவனத்தின் ரேஸிங் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கையில் பணமும் இல்லை, நல்ல உதிரி பாகங்களும் இல்லை.

பிரச்சனை என்ன?

கார் இன்ஜினில் வால்வு எப்போ திறக்கணும், எப்போ மூடணும்னு கேம்ஷாஃப்ட் முடிவு செய்யும். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் சில நொடித்துளிகளில், சரியான நீளமுள்ள எக்ஸாஸ்ட் குழாய் எரிந்த புகையை உறிஞ்சி வெளியே இழுக்கும். அதனால்தான் கேம்ஷாஃப்டை மாற்றினால் ஹெடரையும் அதற்கேற்ப மாற்றுகிறார்கள்.

டூ-ஸ்ட்ரோக்கில் கேம்ஷாஃப்டே கிடையாது. புகை போகும் வழி திறந்தே இருப்பதால், புது பெட்ரோல் கலவையும் சேர்ந்து வெளியேறிவிடும்.

காடென் செய்தது என்ன?

புகைக்குழாயை நடுவில் விரிந்து, பிறகு குறுகும்படி வடிவமைத்தார். விரியும் பகுதி புகையை இழுக்கும். குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அழுத்த அலை, தப்பித்த கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள் தள்ளும். இந்த யோசனையைத் தொட்ட முதல் ஆள் இவர் இல்லை. ஆனா அளந்து, சோதித்து, கச்சிதமாக்கியவர் இவர்தான். 1961-ல் 125 சிசி இன்ஜினில் 25 குதிரைத்திறன் கிடைத்தது. அதாவது லிட்டருக்கு 200!

கைநழுவிய பட்டம்

அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடன் கிராண்ட் பிரீ. உலக சாம்பியன் பட்டத்தை நெருங்கியிருந்த எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னரின் இன்ஜின் பாதியில் பழுதானது. அதோடு அவர் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. காடெனின் தொழில்நுட்பத்தோடு சுஸுகியில் சேர்ந்தார். 1962-ல் சுஸுகியின் 50 சிசி பைக்கில் உலக சாம்பியனும் ஆனார்.

எம்இசட்டுக்கு கடைசிவரை உலகப் பட்டம் கிடைக்கவில்லை. காடென் கிழக்கு ஜெர்மனியிலேயே இருந்து வேலையைத் தொடர்ந்தார். 1996-ல் மறைந்தார். அதற்குள் அவர் செதுக்கிய புகைக்குழாய், ஜப்பான் டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் வழியாக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது.