அறிஞரை அளந்த அறிஞர்

பொன்னை நிறுக்க நிறைகோல் உண்டு. நிலத்தை அளக்க அளவுகோல் உண்டு. அறிஞன் ஒருவனின் தகுதியை எக்கோல் கொண்டு அளப்பது? சுகாதார உளவியல் போன்ற இளந்துறைகளிலும், ஒருவர் எழுதிய கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டனர் என்னும் கணக்கு இன்று பதவியையும் பணத்தையும் தீர்மானிக்கக் காண்கிறேன். இவ்வழக்கத்தின் மூலத்தைத் தேடும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் ஜேம்ஸ் மக்கீன் கற்றெல் என்னும் அமெரிக்கர்.

1860ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில் ஈஸ்ரன் நகரிற் பிறந்த கற்றெல், ஜேர்மனி சென்று, லைப்சிக் நகரில் வூண்ட் என்னும் பேராசானிடம் உளவியல் பயின்று, 1886இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். மனிதரிடையேயுள்ள வேறுபாடுகளை எண்ணாற் காட்டலாம் என்ற ஆங்கிலேயர் பிரான்சிஸ் கோல்ற்றனின் கொள்கை அவர் உள்ளத்தில் ஆழ வேரூன்றியது. 1891 முதல் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் அமர்ந்து, மாணவரின் கைவலிமை, ஒலி கேட்டுக் கையசைக்கும் விரைவு முதலியவற்றை அளந்து அவர்தம் அறிவாற்றலை மதிப்பிட முயன்றார். ஆனால் அவருடைய மாணவர் விஸ்லர் 1901இல் வெளியிட்ட கணிப்பு, அவ்வளவுகளுக்கும் பரீட்சைப் புள்ளிகளுக்கும் தொடர்பு இல்லையென்றே கூறத்தக்க நிலையைக் காட்டியது.

அளக்கும் ஆர்வம் அதனால் அடங்கவில்லை. அறிஞரையே அளக்கத் துணிந்தார் கற்றெல். விஞ்ஞானத்தை 12 துறைகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10 பேரைக் கொண்டு அத்துறையினரைத் தகுதி வரிசையில் நிறுத்துவித்தார். அவ்வரிசைகளின் சராசரியோடு, அதில் நேரக்கூடிய பிழையின் அளவையும் கணித்தார். இவ்வாறு தெரிந்த 1000 பேருக்கு, 1906இல் வெளியிட்ட அமெரிக்க விஞ்ஞானிகளின் பெயர்க்கோவையில் உடுக்குறி இட்டார். அவருள் உளவியலாளர் 50 பேரே. உடுப்பெற்றோர் சில மாநிலங்களில் மிகுதியாகவும் சிலவற்றில் அருகியும் பிறந்திருப்பதைக் கண்டு, பரம்பரையைப் பெரிதும் நம்பிய அவரே வாய்ப்பின் வலிமையையும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

1917இல், விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தி ஐரோப்பியப் போர்முனைக்கு அனுப்பலாகாது என்று சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதினார். கொலம்பியா அவரைப் பதவியினின்றும் நீக்கியது. எனினும், 1895 முதல் தாம் நடத்திவந்த ‘சயன்ஸ்’ சஞ்சிகையை 1944இல் இறக்கும்வரை அவர் கைவிட்டாரல்லர். இரசாயனச் சஞ்சிகை ஒன்றின் மேற்கோள்களை எண்ணிக் கணக்கிட்ட குறோஸ் என்னும் பெயருடைய இருவரின் கட்டுரை 1927இல் வெளிவந்ததும், மேற்கோள் அட்டவணை அமைக்கவேண்டுமென்ற கார்பீல்டின் கட்டுரை 1955இல் வெளிவந்ததும் அச்சஞ்சிகையிலேயே.

கற்றெலின் கோல் அளந்தது புகழை. போர்க்காலத்தில் அவர் காட்டிய துணிவை அளக்க அதில் ஒரு கோடும் இல்லை. ஆயினும், தம் அளவிற் பிழையும் உண்டென்று எண்ணாற் குறித்துவைத்த நேர்மை அவரிடம் இருந்தது. அவருடைய கோலை ஏந்தி இன்று பதவி வழங்குவோர், அந்த நேர்மையையும் உடன் ஏந்தவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.