ஓவியர் தாமஸ் டேனியல் வரலாறு

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவண்ணாமலையேறிச் சீனிவாசப் பெருமாளைச் சேவித்து இறங்கும் நம்மவர், படிகளிற் சற்றே நின்று திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தை நோக்குதல் வழக்கம். சென்ற புரட்டாசியில் யாமும் அங்ஙனம் நின்றபொழுது, உடன்வந்த மாணவன் ஒருவனை நோக்கி, அக்கோபுரத்திற்கு நிலைகள் எத்தனை என்று வினவினோம். பதினொன்று என உடனே விடையிறுத்தான். உயரம் 192 அடி என்பதும் அவனுக்குப் பாடம். ஆயின், கீழ்நிலையினின்று மேல்நிலை வரையில் அதன் அகலம் குறைந்து செல்லும் வகையை ஒரு குச்சியால் மண்ணில் வரைந்து காட்டுக என்றபோது அவன் கை ஓடவில்லை. நாடோறும் அதனடியில் நடந்து பள்ளிக்கு வருபவன் அவன்.

அவனைக் குறைகூறும் தகுதி எமக்கும் இல்லை. யாம் இளமையில் ஆடிக்களித்த கல்மண்டபம் ஒன்று, சாலையை அகலமாக்கும் பொருட்டு இடிக்கப்பட்டது. அதன் தூண்கள் பன்னிரண்டோ பதினாறோ என்பதில் எம் வீட்டார் மூவர்க்குள் இன்றும் வழக்குண்டு. அதனை வரைந்து வைத்தார் ஒருவரும் இலர். நாம் இவ்வாறு காணாது விட்ட கட்டடங்களைக் கடல்கடந்து வந்து கண்டு, கண்டவாறு எழுதிச் சென்ற ஓவியர் ஒருவருடைய வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிதல் நன்றென்று கருதி ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

தாமஸ் டேனியல் என்னும் இவர் 1749-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், விடுதி நடத்திவந்த ஒருவர்க்கு மகனாகப் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் உடைய குடும்பமன்று. இளமையிலே குதிரைவண்டிகளுக்கு வண்ணந் தீட்டுவோரிடம் தொழில் பழகினார். பிரபுக்களுடைய வண்டிக் கதவுகளில் அவரவர் குலச்சின்னங்களைச் சிறிதும் பிசகாமல் எழுதுவது அத்தொழில். சிங்கத்தின் வால் இடப்புறம் வளையவேண்டிய இடத்தில் வலப்புறம் வளைந்துவிடின் கூலி கிடையாது. பின்னாளில் இவர் கோட்டிற் காணும் பிடிவாதமான நேர்மை அவ்வண்டிப் பட்டறையிலே பிறந்ததென்பது எம் கருத்து. 1773-இல் இலண்டன் இராயல் அகாடமியின் ஓவியப் பள்ளியிற் சேர்ந்து பயின்றார். எனினும், ஓவியர் மலிந்த அந்நகரில் இவர்க்குப் பெரும்பேர் ஒன்றும் வாய்க்கவில்லை.

தமையனார் இறந்தபின் அவர் மகன் வில்லியத்தைத் தாமே வளர்த்துத் தொழிலும் பயிற்றினார். 1784-இல் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் விண்ணப்பித்து இந்தியா செல்ல அனுமதி பெற்று, அடுத்த ஆண்டில் அச்சிறுவனையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். சிற்றப்பர்க்கு அப்போது வயது முப்பத்தைந்துக்கு மேல். வில்லியத்திற்குப் பதினாறு நிறைந்திலது. சீனம் சென்று, 1786-இல் கல்கத்தா சேர்ந்தனர். அந்நகரத்தின் வீதிகளையும் மாளிகைகளையும் பன்னிரண்டு படங்களாக எழுதி, நம் நாட்டுக் கைவினைஞர் துணைகொண்டு அங்கேயே அச்சிட்டனர். அதனால் வந்த பணத்தைக் கொண்டு வடநாடு முழுதுஞ் சுற்றித் தில்லி, ஆக்ரா கண்டு, இமயச்சாரலிலுள்ள கார்வால் வரையிலும் ஏறி மீண்டனர். இவர்கட்கு முன்னர் 1780 முதல் 1783 வரை இந்நாட்டில் தங்கிய வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஓவியருடைய படங்களையும் உடன்கொண்டு சென்று, அவர் நின்ற இடத்திலேயே தாமும் நின்று, படத்தையும் கட்டடத்தையும் ஒத்துப்பார்த்துப் பிழைகளைக் குறித்தனர். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் காணும் எம்போன்ற பண்டிதர்க்கு இச்செயல் மிகவும் உவப்பைத் தருவது.

1792-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இருவரும் சென்னை வந்திறங்கினர். திப்பு சுல்தானோடு நிகழ்ந்த மூன்றாம் மைசூர்ப் போர் அம்மாதத்திலேதான் உடன்படிக்கையால் முடிந்திருந்தது. போர்ச் செய்தியிற் பேர் அடிபட்ட மலைக்கோட்டைகளைக் கண்ணாற் காணச் சீமையார் ஆவலுற்றிருப்பர் என்பதனைத் தாமஸ் நன்கறிவார், பிழைப்பும் வேண்டுமன்றோ! ஏப்பிரல் வெயிலில் பல்லக்குகளுடனும் சுமையாட்களுடனும் புறப்பட்டுப் பாராமகாலத்துக் கோட்டைகளை வரைந்து, தெற்கே இறங்கி மதுரையை அடைந்தனர். ஆண்டிருந்து பாபநாசத்து அருவியையும் குற்றாலத்து அருவியையும் எழுதச் சென்றனர். அங்ஙனம் சென்றவர்கள், நாம் நாடோறும் காணும் இந்த மேற்குமலைத் தொடரைப் பலநாள் தம் வலப்புறத்தே கண்டிருத்தல் வேண்டும்.

இவர்தம் கருவி யாதெனிற் கூறுவோம். அஃது ஓர் இருட்பெட்டி. ஒரு துளையில் பதித்த கண்ணாடிவில்லை வழியாகப் புறத்தேயுள்ள காட்சியின் ஒளி உட்புகும். சாய்த்து வைத்த கண்ணாடி ஒன்று அதனைத் தாளின்மேல் விழச்செய்யும். அதன்மேற் பென்சிலை ஓட்டிக் கோபுரத்தின் சரிவையும் தூண்களின் இடைவெளியையும் அளவு பிறழாமற் பிடித்துக்கொள்ளலாம். இதனாற் கலைத்திறம் வேண்டாவென்று எவரும் எண்ணற்க. பெட்டி கோட்டைத் தரும். வெயிலில் கருங்கல் எங்கே வெளுக்கும், நிழல் எங்கே நீலமாகும் என்பவற்றைக் கண்ணே தேரவேண்டும்.

மதுரையிலே கோட்டைக்குள் தோன்றிய காட்சியையும், சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மாளிகையையும், புதுமண்டபத்தையும் எழுதினர். புதுமண்டபத்தை நாயக்கர் சத்திரம் என்று தலைப்பிட்டது பிழையே. அது வசந்த விழாவிற்கென எடுத்த மண்டபமாம். விடுதிக்காரர் மகனுக்குத் தூண் வரிசையெல்லாம் சத்திரமாகத் தோன்றிற்றுப் போலும். ஆயின் தூண்களை எழுதியதிற் குறையில்லை. மாளிகையோ, நாயக்கர் காலத்திற்குப்பின் பல பகுதிகளை இழந்துவிட்டது. 1866-இற்குப் பின்னர்ச் சென்னைக் கவர்னர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தமையாலேயே எஞ்சிய பகுதி நிலைத்தது. அப்பழுது பார்த்தலுக்கு முன் அஃது இருந்த நிலையை நமக்குக் காட்டுவன டேனியல் படங்கள். திருவில்லிபுத்தூரிலுள்ள நாயக்கர் மாளிகையைப் பார்த்திருக்கும் நம் சிறுவர், அவற்றைக் காணின் வளைவுகளை உறவினர் முகம்போல் அடையாளங் கண்டுகொள்வர்.

தஞ்சைப் பெருங்கோயில், திருச்சிராப்பள்ளிக் குன்று, மாமல்லபுரம் இவற்றையும் எழுதியபின், தீட்டிய படங்களைச் சென்னையிற் சீட்டுக் குலுக்கி விற்றனர். பின்பு பம்பாய் சென்று குகைக்கோயில்களைக் கண்டு, 1794-இல் இங்கிலாந்து மீண்டனர். ஒன்பதாண்டுப் பயணம் அது.

வரைந்ததைவிட அச்சிட்டதே பெருந்தவம். செப்புத்தகட்டின்மேற் குங்கிலியப் பொடியை மென்மையாகத் தூவிச் சூடேற்றி ஒட்டவைப்பர். பின்னர்த் திராவகத்தில் இட்டால், பொடியின் இடையிடையே அது செம்பை அரிக்கும். வெளுப்பாக இருக்கவேண்டிய இடத்தை மெழுகெண்ணெயால் மூடிவிட்டு, இருள் வேண்டிய இடத்தை மீண்டும் மீண்டும் அரிக்கவிடுவர். ஒரு நொடி மிகுந்தால் தகடு பாழ். இவ்வாறு 1795 முதல் 1808 வரை பதின்மூன்றாண்டு உழைத்து, பகுதிக்கு 24 ஆக ஆறு பகுதிகளில் 144 படங்களை வெளியிட்டனர். படந்தோறும் கையால் வண்ணமுந் தீட்டப்பெற்றது. முழுத்தொகுதியின் விலை 210 பவுன். செல்வரே வாங்கத்தக்க விலை. நம்மூர் மண்டபங்களின் படத்தை நம்மூரார் கண்ணாற் காண நெடுங்காலம் சென்றது.

மரங்களை வேண்டிய இடத்தில் நட்டும், ஆட்களை அழகுக்காக நிறுத்தியும் எழுதினர் என்பதொரு குறை. உண்மையே. கல்லில் மட்டும் அவர்கள் கைவைக்கவில்லை. செசின்கோட் என்னும் ஊரில் காக்கரல் என்பார் இந்திய முறையில் மாளிகை எடுத்தபோது, தோட்டத்து வேலைகளுக்குத் தாமஸே யோசனை கூறினார். அங்கே பாலத்தின்மேல் நம் நந்தி உருவங்கள் சீமை மழையில் நனைந்துகொண்டு அமர்ந்திருக்கின்றன.

தாமஸ் 1799-இல் இராயல் அகாடமியின் முழு உறுப்பினராயினார். வில்லியம் 1822-இல் அப்பேறு பெற்றார். தாமஸ் மணஞ்செய்துகொள்ளவில்லை, இந்தியாவிற்கு மீண்டும் வரவுமில்லை. பழைய குறிப்புகளை விரித்து வைத்துக்கொண்டு, பல்லாண்டுகள் இந்நாட்டுக் காட்சிகளையே தீட்டிவந்தார். வில்லியத்தின் தம்பி சாமுவேலும் ஓவியரே. அவர் இலங்கையில் படம் எழுதச் சென்று 1811-இல் அங்கேயே மாண்டார்.

1837-ஆம் ஆண்டில் மதுரைக் கலெக்டர் பிளாக்பர்ன் துரை, நகரம் பெருகவேண்டிக் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்ப்பித்தார். இன்றைய வெளிவீதிகள் அவ்விடத்தில் எழுந்தனவே. அவ்வாண்டிலேயே வில்லியம் இறந்தார். மகனைப்போல் வளர்த்தவனைப் பறிகொடுத்த பின்னும், மதுரைக் கோட்டையின் உள்ளே நின்று படம் எழுதிய அம்முதியவர் மூன்றாண்டு உயிரோடிருந்து, தொண்ணூறு வயது கடந்து, 1840-இல் இலண்டனிற் காலமானார்.