மனநலத் தொண்டர் கிளிபோர்டு பியர்ஸ்

மக்களுக்கு வரும் பிணி இருவகைப்படும். ஒன்று உடலைப் பற்றுவது. மற்றொன்று உள்ளத்தைப் பற்றுவது. காய்ச்சலால் படுத்தவனைக் கண்டால் ஊரார் இரங்குவர், மருத்துவரை அழைப்பர், கஞ்சி காய்ச்சிக் கொடுப்பர். உள்ளம் நோயுற்றவனைக் கண்டாலோ ஒருசாரார் நகைப்பர்; ஒருசாரார் அஞ்சி விலகுவர்; வீட்டார் வெளியே சொல்ல நாணி மறைப்பர். உடற்பிணிக்கு இரக்கமும் உளப்பிணிக்கு இகழ்ச்சியும் காட்டுதல் நடுவுநிலை ஆகுமா? இவ்வினாவை உலகின்முன் எழுப்பிய சான்றோர் சிலருள், அந்நோயில் தாமே கிடந்து வருந்தி எழுந்தவர் ஒருவர் உண்டு. அவரே கிளிபோர்டு பியர்ஸ்.

இளமையும் அச்சமும்

பியர்ஸ் 1876-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள், ஐக்கிய அமெரிக்க நாடுகளில் கனெக்டிகட் மாநிலத்தைச் சார்ந்த நியூஹேவன் நகரிலே பிறந்தார். புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம் அமைந்த நகரம் அது. அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஷெபீல்டு அறிவியற் பள்ளியில் பயின்று 1897-இல் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கு நகரில் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்தார். கல்வி, தொழில், அன்புமிக்க குடும்பம் ஆகிய யாவும் அவருக்கு வாய்த்திருந்தன. பிறர் பார்வையில் அவருக்கு யாதொரு குறையும் இல்லை.

ஆயினும் அவர் நெஞ்சை ஓர் அச்சம் அரித்துக்கொண்டிருந்தது. அவர் மாணவராக இருந்தபோது, 1894-இல், அவருடைய தமையனாருக்குக் கடுமையான வலிப்பு நோய் கண்டது. அக்கொடுமையை அருகிருந்து கண்ட இளைஞர், அந்நோய் தம்மையும் ஒருநாள் பற்றும் என்று எண்ணத் தொடங்கினார். நாள் செல்லச் செல்ல அவ்வெண்ணம் வேரூன்றி மரமாயிற்று. அவர் அதனைப் பெற்றோரிடம் கூறினாரல்லர்; நண்பரிடம் கூறினாரல்லர்; மருத்துவரிடமும் கூறினாரல்லர். சொல்லாத துயரம் உள்ளே புகையும் தீயைப் போன்றது. ஆறாண்டுகள் அத்தீ அவருள் கனன்றது. உறக்கம் குறைந்தது, ஊக்கம் அழிந்தது, அலுவலில் மனம் செல்லவில்லை. 1900-ஆம் ஆண்டு சூன் திங்களில், வாழ்வில் நம்பிக்கை முற்றும் இழந்த நிலையில், அவர் தம் உயிருக்கே தீங்கு தேடிக்கொள்ள முற்பட்டார். காயமுற்றாரெனினும் உயிர் பிழைத்தார். பிழைத்த அவ்வுயிரே பிற்காலத்தில் எண்ணற்ற உயிர்களுக்குத் துணையாயிற்று.

இருளில் கழிந்த நாட்கள்

அவரைப் பற்றியிருந்தது கொடிய மனச்சோர்வு. அது வெறும் வருத்தமன்று. வருத்தம் காரணம் நீங்கியதும் தானும் நீங்கும். மனச்சோர்வு நோயோ நீங்காது தங்கி, பசியையும் உறக்கத்தையும் அறிவின் தெளிவையும் ஒருங்கே கவரும். பியர்ஸிடத்தில் அது மாறாட்ட எண்ணங்களையும் உடன் கொணர்ந்தது. தாம் பெருங்குற்றவாளி என்றும், தம்மைச் சூழ்ந்தோர் யாவரும் ஒற்றர் என்றும் அவர் நம்பினார். தம்மைக் காணவந்த பெற்றோரும் உடன்பிறந்தாரும் உண்மை உறவினர் அல்லர், அவர்தம் உருவில் வந்த வேற்றாள்கள் என்றும் கருதினார். ஆகவே பெரும்பாலும் வாய் திறவாது ஈராண்டுகளைக் கழித்தார்.

அவ்விருளில் ஒளி புகுந்த வகை வியப்புக்குரியது. 1902-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், உடனிருந்த நோயாளி ஒருவர் வழியாகத் தம் சகோதரரது முகவரியை அவர் அறிந்துகொண்டார். சகோதரருக்கு ஒரு கடிதம் எழுதி, தம்மைப் பார்க்க வரும்போது அக்கடிதத்தையே கையில் கொண்டு வருமாறு வேண்டினார். வருபவர் உண்மைச் சகோதரராயின் அக்கடிதம் அவர் கையில் இருக்கும், வேற்றாளாயின் இராது. இதுவே அவர் வகுத்த தேர்வு. குறித்தபடியே சகோதரர் வந்தார். கடிதத்தை எடுத்து நீட்டினார். அந்நொடியே பியர்ஸின் உள்ளத்தில் பல நாள் படிந்திருந்த ஐயம் பனிபோல் விலகிற்று. அறிவு சிதைந்த நிலையிலும் உண்மையை நாடும் ஆற்றல் மனித உள்ளத்தில் முற்றும் அழிவதில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

ஆனால் நோய் அத்துடன் தீரவில்லை. சோர்வின் கோடியில் கிடந்த உள்ளம் எழுச்சியின் கோடிக்குத் தாவிற்று. ஓயாது பேசினார், ஓயாது எழுதினார், அளவிறந்த திட்டங்கள் தீட்டினார். சோர்வும் எழுச்சியும் மாறி மாறி வரும் இத்தகைய நோயை இக்கால மருத்துவர் இருமுனைக் கோளாறு என்பர். இன்று அதற்கு நல்ல மருந்துகள் உள்ளன. அன்று அவை இல்லை.

விடுதிகளில் கண்ட கொடுமை

1900 முதல் 1903 வரை பியர்ஸ் மூன்று மனநோய் விடுதிகளில் வைக்கப்பெற்றிருந்தார். அங்கு அவர் கண்டவையும் பட்டவையும் பல. கைகளை உடலோடு சேர்த்துப் பிணிக்கும் கட்டுச்சட்டையை அவருக்கு அணிவித்து, இரவெல்லாம் அசையவொட்டாது கிடத்தினர். போதிய ஆடையின்றிக் குளிர்ந்த அறையில் அடைத்தனர். மருந்துண்ண மறுத்தபோது வலிந்து புகட்டினர். காவற்பணியாளர் சிலர் அடித்தும் உதைத்தும் துன்புறுத்தினர். பணியாளருள் நல்லோரும் இருந்தனர். எனினும் நோயாளரைப் பேணும் முறை அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை.

தம் துன்பத்தினும் பிறர் துன்பமே பியர்ஸின் நெஞ்சை மிகுதியும் உருக்கியது. தமக்கேனும் எடுத்துரைக்க நாவுண்டு, எழுதக் கையுண்டு. தம் குறையைச் சொல்லவும் அறியாத எளியோர் அங்கு எத்தனை பேர்! அவர்களுக்காகப் பேசுவோர் யார்? இவ்வெண்ணம் அவருக்குப் புதுவலிமை தந்தது. கொடுமை மிக்க பகுதிகளின் நிலையை நேரிற் காணவேண்டும் என்று கருதி, தாமே சூழ்ச்சி செய்து அப்பகுதியில் அடைபட்டார். காவலரின் கண்ணுக்குத் தப்பி மாநில ஆளுநருக்கு நீண்டதொரு முறையீட்டுக் கடிதம் எழுதியனுப்பினார். 1903-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நலமுற்று வெளியேறினார்.

பெயர் மறையாத நூல்

விடுதலை பெற்றவர் மீண்டும் அலுவலில் அமர்ந்தார், உழைத்தார், பொருளீட்டினார். பட்ட துன்பத்தை மறந்து அமைதியாய் வாழ்ந்திருக்கலாம். ஆனால் விடுதிகளில் விட்டுவந்த முகங்கள் அவரை உறங்கவிடவில்லை. தம் வரலாற்றை எழுதத் துணிந்தார். 1905-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உள்ளம் மீண்டும் அளவின்றி எழுவதை உணர்ந்தார். ஒருகாலத்தில் அச்சத்தை மறைத்து அல்லலுற்றவர், இம்முறை அதனை மறைத்தாரல்லர். தாமே மருத்துவ விடுதிக்குச் சென்று சில வாரங்கள் தங்கி அமைதி பெற்றுத் திரும்பினார். இதுவே அவர் கற்ற முதற்பாடம்.

எழுதிய சுவடியை வில்லியம் ஜேம்ஸ் என்னும் பேரறிஞருக்கு அனுப்பினார். ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் உளவியலும் கற்பித்த அப்பெரியார், நூலைப் படித்து மனமுவந்து பாராட்டி எழுதினார். மனநோய் மருத்துவத்தில் தலைசிறந்து விளங்கிய அடால்பு மேயர் என்பாரும் நூலின் பயனை உணர்ந்து அறிவுரைகள் நல்கினார். மாநிலம் ஒன்றில் தொண்டைத் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் பரப்புதல் நன்று என்பது அவர் காட்டிய வழி. மனநோய் வந்தபின் பேணுவதோடு நில்லாமல், வருமுன் காக்கவும் முயல வேண்டும் என்று கருதிய மேயரே, இம்முயற்சிக்கு மனநலம் பேணல் என்னும் பொருள்படும் பெயரையும் தந்தார்.

1908-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நூல் வெளிவந்தது. தன்னைத் தானே கண்டுகொண்ட மனம் என்பது அதன் பெயரின் பொருளாகும். ஜேம்ஸின் கடிதம் அதன் முன்னுரையில் இடம்பெற்றது. புனைபெயரில் மறைந்து நின்று அந்நூலை வெளியிடுவது பியர்ஸுக்கு எளிதாக இருந்திருக்கும். அக்காலத்தில் மனநோய் கண்டவர் என்ற பெயர் ஒருமுறை ஒட்டினால் வேலையும் மதிப்பும் பெறுதல் அரிது. ஆயினும் அவர் தம் பெயரை மறைக்கவில்லை. தம் நோயின் நிலைகளையும் மறைக்கவில்லை. அவர் நோக்கம் பழிவாங்குவதன்று. முறை திருந்தவேண்டும் என்பதே. மக்கள் அந்நூலைப் படித்தனர், உள்ளம் நெகிழ்ந்தனர். தம் இல்லத்திலும் இத்தகைய துயரம் மறைந்துள்ளது என்பதைப் பலர் எண்ணிப் பார்த்தனர்.

தொண்டின் வளர்ச்சி

அதே ஆண்டு மே மாதத்தில் கனெக்டிகட் மனநலக் கழகம் தோன்றியது. அடுத்த ஆண்டு, 1909-இல், அமெரிக்க நாடு முழுமைக்கும் உரிய தேசிய மனநலக் குழு நிறுவப்பெற்றது. தொடக்கத்தில் அதற்குப் பொருள் வலிமை இல்லை. பியர்ஸ் கடன் வாங்கியும் பணியை நடத்தினார். பின்னர் ஹென்றி பிப்ஸ் என்னும் செல்வர் 50,000 டாலர் வழங்கவே குழு வேரூன்றியது.

1913-ஆம் ஆண்டில் நியூஹேவன் நகரில் பியர்ஸின் முயற்சியால் ஒரு மனநல மருத்துவ நிலையம் திறக்கப்பெற்றது. அமெரிக்காவில் வெளிநோயாளருக்காகத் தோன்றிய முதல் மனநல நிலையம் என்று அதனைப் போற்றுவர். அதன் சிறப்பை நன்கு உணர்தல் வேண்டும். அதுவரை மனநோய்க்கு மருத்துவம் என்றால் நெடுந்தொலைவில் மதில் சூழ்ந்த விடுதியே நினைவுக்கு வரும். நோய் முற்றிய பின்னரே நோயாளரை அங்குக் கொண்டு செல்வர். நியூஹேவன் நிலையத்திலோ நோயின் தொடக்கத்திலேயே ஒருவர் வந்து, மருத்துவரிடம் தம் துயரைக் கூறி, வேண்டிய உதவி பெற்று, அன்றே வீடு திரும்பலாம். ஆறாண்டுகள் தம் அச்சத்தைக் கூற இடமின்றித் தவித்த இளைஞர், பிறர் கூறுதற்கு ஓர் இடம் அமைத்துத் தந்தார்.

தொண்டு கடல் கடந்தும் பரவியது. 1930-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் முதலாம் அனைத்துலக மனநலப் பேரவை கூடிற்று. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் பேராளர் அதிற் கலந்துகொண்டனர். ஒருகாலத்தில் கட்டுச்சட்டையிற் கிடந்தவர், அப்பேரவை கூடுதற்கு மூலகாரணராய் நின்றார்.

இறுதிக் காலம்

முதுமையில் பழைய நோய் மீண்டும் பியர்ஸை அணுகியது. 1939-இல் பணியினின்றும் ஓய்வு பெற்று, ராட் தீவு மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரிலுள்ள மனநோய் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். அங்கேயே 1943-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள் தம் அறுபத்தேழாம் வயதில் உலக வாழ்வை நீத்தார். இதனால் அவர் தோற்றார் எனக் கருதுதல் கூடாது. நீரிழிவு நோயுற்ற மருத்துவர் பிறர் நீரிழிவைத் தணித்தால் அவர் பெருமை குறையுமோ? நோயுடன் வாழ்ந்தும் பெரும்பணி ஆற்றலாம் என்பதே அவர் வாழ்க்கை காட்டும் உண்மை.

அவர் மறைவுக்குப் பின் அவர் கருத்து மேலும் வளர்ந்தது. 1948-இல் உலக மனநலக் கூட்டமைப்பு தோன்றியது. அக்கூட்டமைப்பின் முயற்சியால் 1992 முதல் அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் உலக மனநல நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. மனச்சோர்வுற்றோர் பலர் முதலில் நாடிச் செல்வது ஊரிலுள்ள பொது மருத்துவரையே. அவர்கள் தலைவலி, உடற்சோர்வு, உறக்கமின்மை என்றே கூறுவர். உள்ளத்தின் துயரைக் கூறார். அதனை உசாவி அறியும் பயிற்சி பொது மருத்துவருக்கும் செவிலியருக்கும் வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. 2008-இல் உலகச் சுகாதார நிறுவனமும் பொது மருத்துவர்களின் உலக அமைப்பும் கூடி, ஆரம்பச் சுகாதாரப் பணியிலேயே மனநல மருத்துவத்தையும் இணைத்தல் வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டன. மனச்சோர்வு தக்க அறிவுரையாலும் மருந்தாலும் தணியக்கூடிய நோய் என்பது இன்று தெளிவாகியுள்ளது.

உள்ளத்தின் நோய் பழியன்று, பாவமன்று, கோழைமையுமன்று. அது மருத்துவத்துக்குரிய பிணி. துயரம் நீங்காது தங்குமாயின் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ மறையாது கூறுதல் வேண்டும். அவ்வாறு கூற வருவோரை நகையாது செவிசாய்த்தல் ஏனையோர் கடமை. கட்டுச்சட்டையினும் கொடிய கட்டு, நாணத்தால் வாயடைத்து நிற்பது. அக்கட்டை முதலில் தம்மளவில் அவிழ்த்துக்கொண்டமையாலேயே பியர்ஸ் பிறர் கட்டையும் அவிழ்க்க வல்லவரானார்.