கண்ணொளி மீட்ட கோனின்

மின்னி பேயில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் கடல் தெரியும். அம்முற்றத்தில் படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பதே என் தந்தையார் தொழில். சென்ற ஆண்டு ஒருநாள், வலக்கண்ணின் ஓரத்தில் கறுப்புத் திரை இறங்குவதாக அவர் சொன்னார். அதற்கு முன்பே கண்ணுக்குள் மின்னல் தெறித்திருக்கிறது. கரும்புள்ளிகள் பூச்சிபோல் பறந்திருக்கின்றன. வயதானால் அப்படித்தான் என்று எண்ணி வாளாவிருந்துவிட்டார். திரை இறங்கிய பின்னும் வேலை முடியட்டும் என்று மூன்று வாரம் தள்ளினார். சென்னைக்கு வந்து காட்டியபோது, விழித்திரை கழன்றதோடு நில்லாமல் தழும்பேறிச் சுருங்கியும் இருந்தது. சுருக்கத்தை நீக்கி, கண்ணுக்குள் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பினார்கள்.

இம்மருத்துவம் யாரிடமிருந்து தொடங்கியது என்று அறிய விரும்பினேன். நம் பல்கலைக்கழக நூலகத்தில் தேடியபோது ஜூல் கோனின் என்ற பெயர் கிடைத்தது. நண்பர்களே, அப்பெரியார் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கோனின் 1870 ஆகஸ்டு 10ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிறந்தார். அங்கேயே மருத்துவம் கற்று, மார்க் துஃபூர் என்னும் கண் மருத்துவரிடம் பயின்றார். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியைச் செய்திருந்ததால், விழித்திரை கழன்று மிதப்பதை மருத்துவர்கள் காண முடிந்தது. ஆனால் காண முடிந்ததே தவிர, தீர்க்க முடியவில்லை. நோயாளியை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்தார்கள்; தலை திரும்பாதிருக்க இருபுறமும் மணல் மூட்டை வைத்தார்கள். 1912இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் தம் தொழில் நண்பர்களை வினவித் தொகுத்தபோது, ஆயிரத்தில் ஒருவரே தேறுவதாகத் தெரிந்தது.

விழித்திரை ஏன் கழல்கிறது? இக்கேள்வியைக் கோனின் விடவில்லை. கழன்ற விழித்திரையுள்ள கண்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். விழிக்குள் நிறைந்திருக்கும் கூழ் சுருங்கி விழித்திரையை இழுக்கிறது. இழுத்த இடத்தில் கிழிசல் விழுகிறது. கிழிசல் வழியே நீர் உட்புகுந்து, சுவரில் ஒட்டிய தாளை ஈரம் பெயர்ப்பதுபோல் விழித்திரையைப் பெயர்க்கிறது. இது 1904 முதல் அவர் கொண்ட முடிவு. கிழிசலைப் பற்றி லேபர் போன்றோர் முன்பே பேசியதுண்டு. எனினும் கிழிசல் நோயின் விளைவே, காரணமன்று என்று எண்ணியவர்களே மிகுதி.

கிழிசல்தான் காரணமென்றால் அதை அடைத்தால் நோய் தீரவேண்டுமல்லவா? 1920ஆம் ஆண்டையொட்டிக் கோனின் அதையே செய்து காட்டினார். விழித்திரையில் கிழிசல் இருக்கும் இடத்தைக் கணித்து, கண்ணின் வெள்ளைச் சுவர்மேல் குறித்துக்கொண்டு, அவ்விடத்தில் சூடேற்றிய ஊசிமுனையைச் செலுத்தினார். சூடு பட்ட இடம் தழும்பாகி ஒட்டிக்கொண்டது. சொல்வது எளிது. கிழிசலோ மிகச் சிறியது; இடம் சற்றுத் தவறினாலும் அறுவை வீண். ஆகவே ஒவ்வொரு நோயாளியின் விழித்திரையையும் பொறுமையாகப் பார்த்து, வரைபடம் தீட்டிய பிறகே அவர் கருவியைத் தொட்டார்.

பலர் நம்பவில்லை. கோனின் வாதத்தில் காலம் போக்காமல், நோயாளிகளைக் குணப்படுத்திக்கொண்டே இருந்தார். வேற்று நாட்டு மருத்துவர்கள் லோசானுக்கு வந்து கற்றுச் சென்றனர். 1929இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகக் கண் மருத்துவர் மாநாட்டில் அவர் முறை ஏற்கப்பட்டது. தீராது என்று கைவிடப்பட்ட நோயில் ஏறத்தாழப் பாதிப் பேர் பார்வை பெறலாயினர். 1934இல் தம் அனுபவம் முழுவதையும் நூலாக்கினார். மறு ஆண்டு ஜூன் திங்களில், 64ஆம் வயதில் மறைந்தார். லோசான் கண் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தழும்பேறிச் சுருங்கிய விழித்திரைக்கு அவர் முறை மட்டும் போதவில்லை. 1962இல் பால் சிபிஸ் என்பவர் சிலிக்கோன் எண்ணெயைப் புகுத்தி உள்ளிருந்தே விழித்திரையைத் தாங்கச் செய்தார். 1970களில் ராபர்ட் மாக்கெமர், கூழையே வெட்டி அகற்றும் கருவியை ஆக்கினார். இன்று இரண்டும் சேர்ந்தே பயன்படுகின்றன. கிழிசலை ஒட்டும் சூட்டை இப்போது லேசர் தருகிறது. ஆயினும் கிழிசலைத் தேடி அடைக்க வேண்டும் என்பது கோனின் வகுத்த விதிதான்.

எண்ணெய்க்குப் பதில் வாயுவும் நிரப்புவதுண்டு. ஆனால் வாயு கண்ணில் உள்ளவரை விமானம் ஏறலாகாது. உயரத்தில் வாயு விரிந்து, கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே போகக்கூடும். எண்ணெய் அவ்வாறு விரிவதில்லை. கப்பலேறினால் வீடு சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும் எங்களுக்கு இது சிறு செய்தியன்று. தந்தையார் விமானத்திலேயே ஊர் திரும்பினார். சில மாதம் கழித்து மீண்டும் சென்னை சென்று எண்ணெயை எடுத்துவிட்டோம். நெடுநாள் விட்டுவைத்தால் கண்புரையும் கண் அழுத்தமும் வரலாம்.

இழந்த பார்வை முழுதும் திரும்பவில்லை. அக்கண்ணால் எழுத்துகளைப் படிக்க அவரால் இயலாது; கரைக்கு வரும் படகு தெரிகிறது, அதில் நிற்கும் ஆள் யாரென்று தெரியவில்லை. அந்த மூன்று வாரம் வீணாகாதிருந்தால் என்று நான் எண்ணாத நாளில்லை.

நம்மிடையே கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி அணிந்தோர் பலர். இந்நோய் அவர்களை எளிதில் பற்றும். கண்ணுக்குள் மின்னல் தெறித்தால், புள்ளிகள் திடீரெனப் பெருகினால், திரை இறங்கினால், தேர்வு முடியட்டும் என்று காத்திராதீர்கள். அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.