வூல்ஃப் வாழ்ந்த கிராமமும் லக்கலயும்

காட்டை அண்டி வாழும் குடியானவனைச் சட்டம் எவ்வாறு அழுத்தும் என்பதை நேரிற் கண்டுணர்ந்த ஆங்கிலேய அதிகாரி லெனார்ட் வூல்ஃப். 1880இல் இலண்டனிற் பிறந்த அவர், 1904இல் இலங்கை சிவில் சேவையில் இணைந்தார். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் பணியாற்றி, 1908இல் அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபரானார். சட்டத்தைக் கண்டிப்புடன் நிறைவேற்றிய அவரே, ஏகாதிபத்திய ஆட்சியில் நம்பிக்கை இழந்து 1912இல் பதவி துறந்தார். மறு வருடம் வெளியான அவரது நாவலில், சேனைக்கான அனுமதிப்பத்திரம் மறுக்கப்பட்ட ஏழைக் குடும்பம் சிதைகிறது. இறுதியில் ஊரையே காடு விழுங்குகிறது.

1919இல் மனைவி வெர்ஜீனியாவுடன் இங்கிலாந்தின் ரொட்மெல் கிராமத்தில் வீடு வாங்கிய வூல்ஃப், தோட்டம் பேணியும் ஊர்ப்பணி ஆற்றியும் வாழ்ந்து, 1969இல் அங்கேயே காலமானார். 2010இல் அக்கிராமம் சவுத் டவுண்ஸ் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வந்தது. ஆயினும் குடியிருப்பும் வேளாண்மையும் அங்கு தொடர்கின்றன.

அதே ஆண்டில் நமது நக்கிள்ஸ் வனமும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அம்மலைத்தொடரை அண்டிய லக்கலயின் பழைய நகரோ களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகக் கைவிடப்பட்டு, புதிய நகர் திறக்கப்பட்டது. வனம் காக்கப்பட வேண்டும். வனத்தோரத்து மனிதனும் காக்கப்பட வேண்டும். வூல்ஃபின் வாழ்வு இன்றைய அதிகாரிகளுக்கு உணர்த்துவது இதனையே.