அர்ச். ஜான் போஸ்கோவும் பட்டறைப் பிள்ளைகளும்



பிள்ளை உயர்தரப் பள்ளியில் படிக்கும்போதே, இவன் கைத்தொழில் ஒன்று கற்றுக்கொண்டால் நல்லதாயிற்றே என்று நினைக்காத குடும்பம் நம் ஏரிக்கரையில் உண்டோ? பட்டறையிலோ கடையிலோ கம்பெனியிலோ சேர்த்துவிட்டால் கற்றுக்கொள்வான் என்று நம்பி அனுப்புகிறோம். ஆனால் அங்கே அவன் தொழில் கற்கிறானா, அல்லது பெருக்கவும் டீ வாங்கி வரவும் மட்டும் ஏவப்படுகிறானா என்று யார் கேட்பது? இதைக் கேட்பதையே தம் கடமையாக வைத்துக்கொண்ட ஒருவருடைய சரித்திரத்தை இன்று உங்களுக்குச் சொல்லுகிறோம்.

அவர் வேறு யாருமல்ல, நாமெல்லோரும் அறிந்த அர்ச். ஜான் போஸ்கோ. இத்தாலியா தேசத்திலே பெக்கி என்னும் சிற்றூரில் 1815-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனாரை இழந்தார். தாயார் மார்கரீத்தா அம்மாள் வயலில் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தாள். ஜானுக்கோ படிப்பின்மேல் தீராத ஆசை. மூத்த தாரத்து அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. அதனால் சிறுவன் வீட்டைவிட்டு வேறொருவர் பண்ணையில் வேலைக்காரனாக இருக்க நேர்ந்தது. பிற்பாடு பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு தையற்காரரிடம் ஊசி பிடிக்கவும், ஒரு கொல்லரிடம் சம்மட்டி பிடிக்கவும் கற்றார். கியேரி பட்டணத்தில் படிக்கும்போது ஒரு காப்பிக் கடையில் ஊழியஞ் செய்து, பலகாரம் செய்யவும் பழகினார். ஏழைப் பிள்ளை படித்துக்கொண்டே உழைப்பதென்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

1841-ஆம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி குருப்பட்டம் பெற்று, துரின் நகரத்துக்கு வந்தார். அந்நாளில் அந்நகரில் கட்டட வேலைகள் மும்முரமாய் நடந்தன. நாட்டுப்புறத்துச் சிறுவர்கள் கூட்டங்கூட்டமாய் வந்து கல் சுமந்தார்கள், சுண்ணாம்பு சுமந்தார்கள், புகைபோக்கி துடைத்தார்கள். கேட்பாரற்ற அப்பிள்ளைகளில் பலர் சிறைச்சாலையில் போய் விழுந்தார்கள். அவர்களைச் சிறையிலே சந்தித்த இளங்குருவானவர் ஒரு காரியத்தைக் கவனித்தார்: விடுதலையானவர்களுக்கு வெளியே ஆதரவாக ஒருவரும் இல்லாததால் அவர்கள் திரும்பவும் சிறைக்கே வருகிறார்கள். அதே வருஷம் டிசம்பர் 8-ந் தேதி, தேவமாதாவின் திருநாளன்று, கோவிற்பிள்ளை அடித்து விரட்டிய பர்த்தொலொமேயோ கரெல்லி என்ற பதினாறு வயது அநாதைப் பையனை அவர் திரும்ப அழைத்து, ஞானோபதேசம் கற்பித்தார். கரெல்லி கொத்துவேலைப் பையன், எழுத்தறியாதவன். அவன் தன் தோழர்களைக் கூட்டிவந்தான்.

ஞாயிற்றுக்கிழமையில் செபம், விளையாட்டு, படிப்பு. சரி, மற்ற ஆறு நாளும்? அந்த ஆறு நாளும் தொன் போஸ்கோ சும்மா இருக்கவில்லை. பையன்கள் வேலை செய்யும் கட்டடங்களுக்கும் பட்டறைகளுக்கும் தாமே போனார். பையனை நலம் விசாரிப்பார். அப்படியே எஜமானரையும் கண்டு பேசுவார். வேலையில்லாத பையனுக்கு நல்ல எஜமானரைத் தேடிக் கொடுப்பார். சாயங்காலத்தில் அவர்களுக்கு இராப்பள்ளியும் நடத்தினார்.

வாய்ப்பேச்சு மட்டும் போதாதென்று விரைவில் கண்டுகொண்டார். ஆகையால் எழுத்துமூலமான உடன்படிக்கை செய்யத் தொடங்கினார். 1851-ஆம் ஆண்டு நவம்பரில் கண்ணாடி வேலைக்காரர் கார்லோ அயிமீனோவிடம் ஒரு பையனை இவ்விதம் சேர்த்தார். 1852 பிப்ரவரி 8-ந் தேதி தச்சு ஆசாரி ஜுசெப்பே பெர்த்தொலீனோவிடம் ஜுசெப்பே ஒதாஸ்ஸோ என்ற பையனைச் சேர்த்தார். இந்த இரண்டாம் பத்திரத்தில் ஆசாரி, பையன், பையனின் தகப்பனார், தொன் போஸ்கோ ஆகிய நால்வரும் முத்திரைத் தாளில் கையெழுத்திட்டார்கள்.

அப்பத்திரங்களில் என்ன இருந்தது தெரியுமா? எஜமானர் தொழிலை முழுமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை வாங்கக் கூடாது. தவறு செய்தால் சொல்லால் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. ஞாயிறும் திருநாளும் ஓய்வு தர வேண்டும். குறித்த கூலியை வாரந்தோறும் கொடுக்க வேண்டும், நாளடைவில் அதை உயர்த்த வேண்டும். பையனோ நேரந்தவறாமல் வந்து, கவனமாய்க் கற்று, கீழ்ப்படிய வேண்டும். அவன் நடத்தைக்குத் தொன் போஸ்கோ பொறுப்பு. கற்பவனை மட்டுமல்ல, கற்பிப்பவரையும் கட்டுப்படுத்தியதே அந்தக் காகிதத்தின் பெருமை.

பிற்பாடு தம் இல்லத்திலேயே தொழிற்சாலைகளை ஏற்படுத்தினார். 1853-இல் செருப்பு வேலையும் தையலும், 1854-இல் புத்தகம் கட்டுதலும், 1856-இல் தச்சும், 1862-இல் கொல்லு வேலையும் தொடங்கின, அச்சுக்கூடமும் ஏற்பட்டது. 1888 ஜனவரி 31-ந் தேதி மரித்தார். 1934-ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று திருச்சபை அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தது. 1958-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பானவர் அவரை இத்தாலியாவின் தொழில் பயிலும் இளைஞருக்குப் பாதுகாவலராக நியமித்தார். அவருடைய சபைக் குருக்கள் 1906 ஜனவரியில் இந்தியாவில் முதன்முதல் காலூன்றியது நம் தமிழ்நாட்டுத் தஞ்சாவூரிலேதான்.

பெற்றோரே, இந்தச் சரித்திரம் நமக்குத் தூரமானதல்ல. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களில் பாடு முறை உண்டல்லவா? எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலையிடுவது என்று முன்கூட்டியே பேசி முடித்திருப்பதால்தான் எளியவனுக்கும் அவன் பங்கு கிடைக்கிறது. வலைக்கு வேண்டிய ஒழுங்கு நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

நம் தேசத்துச் சட்டமும் இதையே சொல்லுகிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, பழகுநராகச் சேருகிறவனுக்கும் எஜமானருக்கும் உடன்படிக்கை எழுதப்பட வேண்டும். அவன் வயதுக்கு வராதவனானால் பெற்றோர் அல்லது காப்பாளர் அவனுக்காக அதைச் செய்ய வேண்டும். பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பது குற்றம். பதினெட்டு நிரம்பாதவனை அபாயமான வேலைக்கு வைப்பதும் குற்றம்.

ஆகவே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையானாலும், படகு இஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையானாலும், பிள்ளையை அனுப்புமுன் பள்ளி ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். என்ன கற்பீர்கள்? எத்தனை நாள்? யார் கற்பிப்பது? என்ன கொடுப்பீர்கள்? படிப்பு கெடாமல் எந்த நேரத்தில் வரவேண்டும்? பதிலை எழுதி வாங்குங்கள். மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். நம்மில் கடையோ பட்டறையோ வைத்திருப்பவர்களும், வருகிற பிள்ளையைத் தம் பிள்ளையாக எண்ணி, ஒரு முழுவேலையை அவன் கையில் கொடுத்து, அதை முடிக்கப் பழக்குவார்களாக. கூலிக்கு ஆள் எப்போதும் கிடைப்பான். தொழில் தெரிந்த மகனை நாம்தான் உண்டாக்க வேண்டும்.